சாவிக்காரர் பேரனுக்கு

தம்பி,

வெள்ளிக்கிழமை காலையில் நீ அச்சகத்துக்குப் போகிறாய். அதற்கு முன்னால் இதைப் படித்துவிட வேண்டும். போனில் சொல்லிவிடலாம் என்று இந்த வாரத்தில் மூன்று தடவை உன்னைக் கூப்பிட்டேன். மூன்று தடவையும் உன் கல்யாண மண்டபத்துக்கு எத்தனை நாற்காலி, சமையலுக்கு யார் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். கீழமாசி வீதியில் முப்பத்தைந்து வருஷமாகப் பழைய சாக்கு வாங்கி விற்கிறேன். எதிரில் எவ்வளவு பெரிய ஆள் நின்றாலும் எனக்கு வாய் அடைத்ததில்லை. உன்னிடம் அடைக்கிறது. அதனால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடை கிடையாது. உன் அம்மா கீழே பத்திரிகை வைக்க வேண்டியவர்கள் பெயரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் மாடியில் உன் பழைய மேசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

போன வாரம் சாப்பிடும்போது நீ சொன்னதிலிருந்து ஆரம்பிக்கிறேன். "அப்பா, 'சாவி' மூணாவது பதிப்பு போட்டுக் கல்யாணத்துக்கு வர்றவங்களுக்குத் தாம்பூலப் பையில வச்சுக் குடுத்துர்றேன். அதோட எழுதுறத நிறுத்திக்கிறேன்" என்றாய். உன் அம்மாதான் ஏன் என்று கேட்டாள். "முத புத்தகம் ரெண்டு பதிப்பு தீந்துச்சும்மா. அடுத்த புத்தகம் 'மடை' வந்து ஒரு வருசமாச்சு, நாப்பத்தி மூணு போயிருக்கு. எங்கிட்ட இருந்தது அம்புட்டுத்தான் போல. கல்யாணம் முடிஞ்சதும் ஒரு உரக் கம்பெனியில வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேன்" என்றாய். நான் இன்னொரு கரண்டி ரசம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டேன்.

உன் முதல் கவிதைப் புத்தகம் 'சாவி'யை வாங்கியது நான்தான். ஒன்று இரண்டு இல்லை. முதல் பதிப்பு முழுக்க, இரண்டாம் பதிப்பு முழுக்க. விளாங்குடி குடோனில், மேற்குச் சுவர் ஓரமாக, சர்க்கரைச் சாக்குக் கட்டுகளுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். நீ உன் திறமைக்கு அளவுகோலாக வைத்திருக்கிறாயே அந்த இரண்டு பதிப்பு, அது உன் அப்பன் செய்த பதுக்கல்.

ஏன் என்று கேட்பாய். சொல்லித்தான் ஆக வேண்டும்.

உன் வெளியீட்டு விழாவுக்குக் கூட்டம் வராமல் போய்விடக் கூடாது என்று என் கடைத்தெருக் கூட்டாளிகளை இரண்டு வேனில் ஏற்றிக்கொண்டு வந்தது நினைவிருக்கும். முன்வரிசை முழுக்க எண்ணெய்க் கடை, வெல்லக் கடை, தாம்புக்கயிற்றுக் கடை. நீ அன்றைக்கு வேறு இரண்டு கவிதை வாசித்தாய். புத்தகத்துக்குப் பெயர் கொடுத்த அந்தக் கவிதையை வாசிக்கவில்லை. விழா முடிந்ததும் வெல்லக் கடைக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அப்பச்சி வச்சிருந்த பண்ணைச் சாவியப் பேரன் மறக்காம புத்தகத்துக்கே பேரா வச்சுட்டானேண்ணே! எம்புட்டுக் குடும்பப் பாசம்!" என்றார். நானும் ஆமாம் ஆமாம் என்று சிரித்தேன். வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பிரித்தேன். முதல் பக்கத்தில் 'அப்பாவுக்கு' என்று இருந்தது. நாலாவது பக்கத்தில் அந்தக் கவிதை.

*பால் பிடிக்கும் முன்னே*
*வெயில் குடித்த கதிர்.*
*அள்ளினால் கனக்காது.*
*ஆனாலும் என் அப்பச்சி*
*குனிந்துதான் நடந்தார்*
*அந்த மூட்டையோடு.*

அதற்குக் கீழே, பட்டணத்து ஆட்களுக்காக ஒரு குறிப்பும் நீ போட்டிருந்தாய். சாவி என்றால் தண்ணீர் இல்லாமல் கதிரிலேயே காய்ந்து, உள்ளே அரிசி பிடிக்காமல் போன நெல் என்று.

உனக்கு எப்படித் தெரிந்தது என்று அப்புறம் யோசித்துக் கண்டுபிடித்தேன். நீ அப்போது உதவி வேளாண்மை அலுவலராக என் ஊரான திருவாதவூர்ப் பக்கம் பயிர்ச்சேதம் பார்க்கப் போய்க்கொண்டிருந்தாய். வயலுக்கு வயல் "எல்லாம் சாவியாப் போச்சு சார்" என்று காட்டியிருப்பார்கள். எவராவது உன் முகத்தைப் பார்த்துவிட்டு, நீ சாவிக்காரர் பேரனா என்று கேட்டிருப்பார்கள். அப்பச்சி பண்ணைச் சாவி வைத்திருந்தார் என்று சின்ன வயதிலிருந்து நான் சொல்லி வளர்த்த கதை உனக்கு அந்த வரப்பில் உடைந்திருக்கும். நீ வந்து என்னிடம் சண்டை போடவில்லை. ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கவில்லை. ஒரு கவிதை எழுதி, அதை எனக்கே சமர்ப்பணம் செய்துவிட்டு, நான் வாயைத் திறப்பேன் என்று காத்திருந்தாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? மறுநாள் காலையில் கடை திறந்ததும் சின்னான் அண்ணனைக் கூப்பிட்டு, மதுரையில் எந்தெந்தக் கடையில் தம்பி புத்தகம் இருக்கிறதோ அத்தனையையும் வாங்கி வா என்று சாக்கு ஒன்றைக் கொடுத்து அனுப்பினேன்.

சின்னான் அண்ணன் நம் கடை லோடுமேன். உனக்குத் தெரியும், திருவாதவூர்க்காரர், நான் தனியாகக் கடை வைத்த நாளிலிருந்து கூட இருக்கிறவர். சாயங்காலம் சாக்கை இறக்கி வைத்துவிட்டு, "ஏண்ணே, தம்பி புத்தகத்த இம்புட்டு வாங்குறீகளே, எனக்கு ஒன்னு குடுக்கக் கூடாதா?" என்றார்.

"உனக்குத்தான் படிக்கத் தெரியாதே."

"படிக்கத் தெரியாட்டி என்ன? அட்டையில படம் போட்டிருக்குல்ல, பாத்துக்கிட்டு இருப்பேன்."

கொடுக்கவில்லை. அட்டையில் காய்ந்த நெற்கதிர்தான் இருந்தது. அதைப் பார்த்தால் அவருக்கு எல்லாம் புரிந்துவிடும் என்று பயம். புரியாமல் இருந்தால்தானே! ஊரில் உன் அப்பச்சிக்குச் சாவிக்காரர் என்று பெயர் வந்த கதை என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

கடைகளில் இருந்ததை எடுத்தாயிற்று. பதிப்பாளரிடம் மீதி இருக்குமே. பள்ளிக்கூட நூலகங்களுக்கு வேண்டும் என்று வேறு ஒருவர் பெயரில் பேசி அதையும் எடுத்தேன். சாக்கு வியாபாரத்தில் இது நடக்கிற காரியம். சந்தையில் ஒரு சரக்கு உனக்கு இடைஞ்சலாக இருந்தால் மொத்தமாக வாங்கி முடக்கிவிடு, பிறகு பேச்சே இருக்காது. என் புத்தி அந்த வழியில்தான் ஓடியது. புத்தகம் சணல் இல்லை, தீர்ந்தால் மறுபடி அடிப்பான் என்கிற சின்ன விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. ஊருக்கெல்லாம் வியாபாரம் சொல்லிக்கொடுக்கிறவன் நான். இரண்டு மாதத்தில் பதிப்பாளர் உனக்குப் போன் செய்து, வாங்கக் கூட்டம் நெட்டித் தள்ளுகிறது, இரண்டாம் பதிப்பு போடுகிறேன் என்று சொல்லிவிட்டார். அதையும் வாங்கினேன். புலிவாலைப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது.

இரண்டாம் பதிப்பு தீர்ந்த அன்றைக்கு நீ பால்கோவா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாய். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அப்பா, ஜனங்க படிக்கிறாங்கப்பா. யாரு எவருன்னே தெரியாத ஜனங்க" என்றாய். நான் உன்னை அப்படிப் பார்த்ததில்லை. பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதலாக வந்தபோதுகூட உன் முகம் அப்படி இல்லை. அப்போது சொல்லியிருக்கலாம். பால்கோவாவை வாங்கித் தின்றேன். அடுத்த மாதம் நீ சர்க்கார் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாய், இனிமேல் எழுத்துதான் என்று. சொந்தக்காரர்கள் எல்லாம் உன்னைப் பைத்தியக்காரன் என்றார்கள். உன் அம்மா மூன்று நாள் பேசவில்லை. நானும் கூடச் சேர்ந்து சத்தம் போட்டேன். "எவன் பேச்சக் கேட்டுடா வேலைய விட்ட?" என்று கேட்டேன். என் வாயாலேயே கேட்டேன், தம்பி. நீ என் பேச்சைக் கேட்டுத்தான் விட்டிருந்தாய். அது உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

இனி பழைய கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் இது புரியாது. என் அய்யா, உன் அப்பச்சி, எந்தப் பண்ணையின் சாவியையும் வைத்திருந்தவர் இல்லை. களத்தில் நெல் தூற்றப் போகிற கூலி. தூற்றும்போது நல்ல நெல் காலடியில் குவியும், சாவி காற்றோடு போய் ஓரமாக விழும். அதை எவரும் சீண்ட மாட்டார்கள். மாட்டுக்குப் போடுவார்கள், இல்லையென்றால் செங்கல் சூளைக்குப் போகும். அய்யா மட்டும் அதைக் கேட்டு வாங்கி மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருவார். ஒரு மூட்டை சாவியில் அரைகுறையாகப் பிடித்த நெல் கொஞ்சம் இருக்கும். இடித்துப் புடைத்தால் இரண்டு கை நொய் தேறும். அதில் காய்ச்சின கஞ்சியைக் குடித்துத்தான் நான் வளர்ந்தேன். அதனால் ஊரில் அவருக்குப் பெயர் சாவிக்காரர். நான் பள்ளிக்கூடம் போனால் சாவிக்காரன் மகன். பதினாலு வயதில் மதுரைக்கு ஓடி வந்ததற்கு வறுமை ஒரு காரணம் என்று எல்லோரிடமும் சொல்லுவேன். அந்தப் பெயர்தான் பெரிய காரணம்.

ஏழெட்டு வருஷம் மூட்டை தூக்கி, அப்புறம் சொந்தமாக ஒரு கடை பிடித்தேன். அப்போதுதான் உன் அம்மாவின் அப்பா, எண்ணெய்க் கடைக்காரர், என் மேல் ஒரு கண் வைக்க ஆரம்பித்தார். பையன் கெட்டிக்காரனாக இருக்கிறான், பெண்ணைக் கொடுக்கலாமா என்று. ஒருநாள் முற்பகலில் அவர் என் கடைக்கு வந்து உட்கார்ந்திருந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் அய்யா வந்து நின்றார். காலில் செருப்பு இல்லை. வெயிலில் வந்ததால் ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றார். சின்னான் அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அடடே, வாங்க வாங்க! முதலாளி, இவரத் தெரியாதா? எங்க ஊரு சாவிக்காரரு!"

எண்ணெய்க் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "சாவிக்காரரா? எந்தப் பண்ணைச் சாவி?"

அய்யா என்னைப் பார்த்தார். நான் தராசைப் பார்த்துக்கொண்டே, "பெரிய பண்ணைங்க. குதிரு, பத்தாயம் எல்லாம் எங்கய்யா கையிலதான்" என்றேன்.

இதுவரைக்கும் நடந்தது எந்த அவசரக்காரனும் செய்கிற காரியம்தான். அதற்கு மேல் நடந்ததுதான் என்னை இன்றைக்கும் தூங்கவிடாமல் செய்கிறது. அய்யா ஒரு கணம்தான் யோசித்தார். அப்புறம் சிரித்துக்கொண்டே இடுப்பு வேட்டியைத் தட்டினார், அங்கே ஒரு சாவிக்கொத்து தொங்குகிற மாதிரி. "ஆமா சாமி. நாந்தான் திறக்கணும், நாந்தான் பூட்டணும்" என்றார். ஒரு பண்ணைச் சாவிக்காரர் கடைக்காரரைச் 'சாமி' என்று கூப்பிடுவாரா? எண்ணெய்க் கடைக்காரரோ, "பாத்தியா, அம்புட்டும் கையில வச்சுக்கிட்டு என்ன அடக்கம்!" என்று எழுந்து நாற்காலியைப் போட்டார். அய்யா அதன் நுனியில் உட்கார்ந்தார். கால் மணி நேரம் இருந்திருப்பார். எண்ணெய்க் கடைக்காரர் மழை மாரி, விளைச்சல் என்று கேட்கக் கேட்க, ஒரு துண்டு நிலம் இல்லாத மனிதர் ஒரு பண்ணைக்குரிய கணக்காகப் பதில் சொன்னார். கேள்வி இன்னும் வளர்ந்தால் மாட்டிக்கொள்வோம் என்று நான்தான் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய் ஏற்றிவிட்டேன். பஸ் ஏறும்போது ஒன்றுதான் சொன்னார். "நல்ல இடமாத் தெரியுது. விட்றாத." இரண்டு மாதத்தில் இறந்துபோனார். கல்யாணத்துக்கு நான் திருவாதவூரிலிருந்து ஒருவரையும் கூப்பிடவில்லை. உன் அம்மா அவரைப் பார்த்ததே இல்லை.

கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிற பெரிய இரும்புச் சாவி, ஆயுத பூஜைக்கு நீ சின்னப் பிள்ளையாகச் சந்தனம் வைப்பாயே, அது பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கியது. எந்தப் பூட்டுக்கு உரியது என்று எனக்குத் தெரியாது.

புத்தகத்துக்கே திரும்புகிறேன். இரண்டாம் பதிப்பை வாங்கி முடித்தபோது கணக்கில் ஒன்று குறைந்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைக்காரரைப் போய்க் கேட்டேன். அவர் உன் புத்தகத்தைத் துப்பறியும் நாவல் வரிசையில் அடுக்கி வைத்திருந்தாராம். 'சாவி' என்றால் பிறகு என்ன நினைப்பார்! "ஒன்னு மட்டும் போயிருச்சுண்ணே. ஒரு அம்மா, மகளுக்கு நோட்ஸ் சொல்லிவைக்க வந்துச்சு. அட்டையப் பாத்துட்டுச் சிரிச்சுக்கிட்டே எடுத்துக்கிச்சு. திருவாதவூர்க்காரம்மா, பேரு பாண்டியம்மா" என்றார். எந்த ஊருக்குப் போகவே கூடாதோ அந்த ஊர். ஆனாலும் கிளம்பினேன். ஒரே ஒரு பிரதி, அதுவும் அந்த ஊரில். அதை விட்டுவைக்கலாமா?

பாண்டியம்மாளுக்கு என்னைவிட ஏழெட்டு வயது குறைவு இருக்கும். குத்தகைக்கு நிலம் பிடித்துப் பயிர் வைக்கிறவர். நான் போனபோது வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு செருகிக்கொண்டிருந்தார். நான் யார் என்று கேட்டார். தம்பி, இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். "புத்தக யாவாரிம்மா" என்றேன். "அந்தப் புத்தகத்துல அச்சுப் பிழை இருக்கு, திரும்ப வாங்கிக்கிட்டு வேற குடுக்கிறோம்" என்றேன். ஒருநாள் என் அய்யாவை வேறு யாரோவாக ஆக்கினேன். அந்த வாசலில் நின்று உன்னையும் அப்படி ஆக்கினேன்.

"பிழையா? ஆமா, இருக்கு" என்றார் அவர்.

உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து நாலாவது பக்கத்தைப் பிரித்து என் கையில் கொடுத்தார். "வாசிங்க. சத்தமா."

வாசித்தேன். என் அய்யாவைப் பற்றி என் மகன் எழுதியதை, முதல் தடவையாக வாய்விட்டு, அந்த ஊர்த் தெருவில், யாரோ ஒரு வியாபாரியாக நின்றுகொண்டு வாசித்தேன். 'குனிந்துதான் நடந்தார்' என்று வந்ததும் பாண்டியம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இந்தா, இதுதான் பிழை. சாவிக்காரரு என்னைக்குக் குனிஞ்சு நடந்தாரு? நாங்க சின்னப்பிள்ளைக, பாத்திருக்கோம்ல. மூட்டைய ஒத்தக் கையில தூக்கித் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு வருவாரு. 'ஏ பிள்ளைகளா, என் கால ரெண்டையும் பிடிச்சுக்கங்க, காத்து அடிக்குது, பறக்கப் போறேன்'ம்பாரு. தெருவே சிரிக்கும். கேட்டு வாங்கிட்டு வந்த சாமான்ண்ணே அது, திருடிட்டா வந்தாரு, குனிய? எழுதுன பையன் அவரப் பாத்ததில்ல போல. வேற யாரு மூஞ்சியவோ பாத்துட்டு எழுதியிருக்கான்."

என்ன விலை கேட்டாலும் தருகிறேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பிழை இருக்குற புத்தகத்துக்கு இம்புட்டு ஆசையா? போங்கண்ணே, போங்க. என் மக கல்யாணமாகிப் போனா குடுத்துவிடப் போறேன்" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வேற யாரு மூஞ்சியவோ என்றாரே, அது என் மூஞ்சி. நீ அப்பச்சியைப் பார்த்ததில்லை. குனிந்து நடக்கிற ஒரு மனிதனைப் பிறந்ததிலிருந்து வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தாய். அவமானம் என்னுடையது. அதை எடுத்து நீ அவர் தலையில் வைத்துவிட்டாய், தெரியாமல். உன் கவிதையில் உள்ள ஒரே பொய்யும் நான் கொடுத்ததுதான்.

போன வியாழக்கிழமை மறுபடியும் திருவாதவூர் போனேன். எழுதுவதை நிறுத்தப்போகிறேன் என்று நீ சொன்ன மூன்றாம் நாள். இந்தத் தடவை உள்ளதைச் சொன்னேன். நான் சாவிக்காரர் மகன், எழுதினது என் மகன் என்று. பாண்டியம்மாள் அதிசயப்படவில்லை, அழவில்லை. "அப்ப அவன் உங்க மகனா? நெசமாவா? பெறகு எதுக்கு அத அன்னைக்குத் திரும்ப வாங்க வந்தீக?" என்று கேட்டார். பஸ் ஏறித் திரும்பிவிட்டேன். எழுதிப் பார்த்தால் பதில் வரும் என்று நினைத்தேன், நாலு தாள் எழுதிவிட்டேன், இன்னும் வரவில்லை.

இப்போது உனக்கு ஒரு வியாபாரியாக ஒன்று சொல்கிறேன். அப்பனாகச் சொல்லும் தகுதி போய்விட்டது, வியாபாரியாக இன்னும் இருக்கிறது. ஒரு சாக்கை வாங்கும்போது உள்ளே கையை விட்டு மூலையை இழுத்துப் பார்ப்பேன், மோந்து பார்ப்பேன். எத்தனை பேர் வாங்கினார்கள் என்று கேட்டு வாங்கினதே இல்லை. உன் 'மடை'யை நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாய். அதை நான் நாலைந்து தடவை படித்திருக்கிறேன். கால் கட்டைவிரலால் வாய்க்கால் அடைப்பைத் தள்ளித் திறக்கிற பெண், அறுவடை மிஷினுக்கு அடியிலேயே படுத்துத் தூங்குகிற வெளியூர் டிரைவர், அழகர்கோவில் போகிற வழியில் மோர்ப் பந்தலுக்குத் தன் வயல் தென்னங்கீற்றை வெட்டிக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்று பார்க்கிறவன். அதில் எவரும் குனியவில்லை. 'சாவி'யைவிட அது நல்ல சரக்கு. அந்த நாற்பத்து மூன்றில் நான் ஒன்றுகூட வாங்கவில்லை, என்னைப் பயமுறுத்துகிற மாதிரி அதில் எதுவும் இல்லை. அதனால் அந்த நாற்பத்து மூன்று பேரும் நிஜமானவர்கள். எவரோ ஒருவர் கடைக்குப் போய், தன் கையால் எடுத்து, தனக்காக வாங்கியது. உனக்கு வாசகர்கள் இருக்கிறார்கள். முதல் புத்தகத்தின் பொய்க் கூட்டத்தோடு அவர்களை நிறுத்திப் பார்த்து, உனக்குள் இருந்தது தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டாதே. அந்த முடிவுக்கு ஆதாரம் என் குடோனில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. உரக் கம்பெனிக்குப் போவதென்றால் போ, பிழைக்கத்தானே வேண்டும். அதற்காக எழுதுவதை விட்டுத்தான் போக வேண்டுமா?

வெள்ளிக்கிழமை மூன்றாம் பதிப்பு என்று அச்சடிக்காதே. முதல் பதிப்பே இன்னும் வாசகனிடம் போகவில்லை. நாளைக்குக் காலையில் சின்னான் அண்ணன் இந்தக் கடிதத்தோடு புத்தகக் கட்டுகள் அத்தனையையும் லோடு ஆட்டோவில் ஏற்றி உன் வீட்டுக்குக் கொண்டு வருவார். அவருக்கு ஒன்று எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். தாம்பூலப் பையில் அதையே வை. நீ சம்மதித்தால், மண்டப வாசலில் நின்று நானே பையைக் கொடுக்கிறேன். வெல்லக் கடைக்காரர் வருவார், உன் அம்மா வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் வருவார்கள். பண்ணைச் சாவியா என்று கேட்கிற ஒவ்வொருவரிடமும் இல்லை, இன்னது என்று நானே சொல்கிறேன். வாசலில் நான் நிற்க வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் அதையும் சொல். வருத்தப்படுவேன், ஆனால் ஏன் என்று கேட்க மாட்டேன். நாலாவது பக்கத்தை என்ன செய்வதென்று நீதான் முடிவு செய்ய வேண்டும். பாண்டியம்மாள் உன்னைப் பார்க்க வேண்டும் என்றார். பார்த்துவிட்டு முடிவு செய்.

உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. காட்டாமல் வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு நினைப்பு வரும். எனக்கும் கல்யாணத்துக்கு முன்னால் வந்தது. அந்த நினைப்புக்கு இடம் கொடுத்தால் அப்புறம் ஆணி அடித்து மாட்ட ஏதாவது ஒன்றைத் தேடிக்கொண்டு இரும்புக் கடைக்குப் போக வேண்டியிருக்கும்.

இதுவரை எழுதிவிட்டுக் கீழே போனேன். உன்னிடம் சொல்லிவிட்டு உன் அம்மாவிடம் சொல்லாமல் இருப்பது இன்னொரு பதுக்கல் என்று பட்டது. பெயர்ப் பட்டியலை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னேன். கல்யாணத்துக்கு முன்னால் நடந்தது, அவள் அப்பாவிடம் சொன்னது, இரும்புச் சாவி, குடோன், எல்லாம். முப்பத்து நாலு வருஷம் குடித்தனம் பண்ணியவளிடம் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம்தான் ஆனது. திட்டுவாள் என்று தயாராக நின்றேன். "புத்தகத்தக் குடுங்க" என்றாள். கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாலாவது பக்கத்தைப் படித்தாள். திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். நான் மெதுவாக மாடிக்கு ஏறி வந்துவிட்டேன்.

இப்போது கீழேயிருந்து கூப்பிடுகிறாள்.

"ஏங்க, மாமா அன்னைக்குக் கடைக்கு வந்தாருன்னீங்களே. சாப்பிட்டுட்டுப் போனாரா?"

சாப்பிடவில்லை, தம்பி. நான் சாப்பிடச் சொல்லவே இல்லை. கீழே போய் அதை அவளிடம் சொல்ல வேண்டும். எழுந்திருக்கிறேன்.

உன் அப்பா